ஜெபம் மட்டும் போதுமா? டோனாவூர் ‘அம்மா’ ஏமி கார்மைக்கேலின் வாழ்க்கை

திருநெல்வேலி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், களக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர் டோனாவூர். அங்கே மரங்களுக்கு நடுவே ஒரு கல்லறை இருக்கிறது. பிறந்த தேதி, இறந்த தேதி எழுதிய கல் எதுவும் அதில் இல்லை. பறவைகள் வந்து தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி. அதில் தாயைக் குறிக்கும் ஒரே ஒரு சொல். அவ்வளவுதான்.

அந்த மண்ணுக்குள் இருப்பவர் ஏமி கார்மைக்கேல். அயர்லாந்தில் பிறந்தவர். 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், 1951-ல் இறக்கும் வரை ஒருமுறைகூட சொந்த ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. நூற்றுக்கணக்கான குழந்தைகளை வளர்த்தார். அதற்காக யாரிடமும் நன்கொடை கேட்கக் கூடாது, கடன் வாங்கக் கூடாது, ஜெபம் மட்டுமே செய்வது என்று ஒரு விதி வைத்திருந்தார்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பசியோடு அழும் குழந்தைக்கு ஜெபம் பால் ஊற்றுமா? பக்தி ஒரு பக்கம், சேவை ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்க்கும் நமக்கு வரும் நியாயமான கேள்வி இது. ஏமியின் வாழ்க்கையில் இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்திருந்தன என்று பார்ப்போம்.

கேட்டது கிடைக்காத முதல் ஜெபம்

ஏமி பிறந்தது 1867 டிசம்பர் 16. ஊர், வட அயர்லாந்தின் கடலோரத்தில் இருக்கும் மில்ஐல். அப்பா மாவு மில் நடத்தியவர். ஏழு பிள்ளைகளில் ஏமிதான் மூத்தவர். வீட்டில் எல்லோரும் பிரஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்தவர்கள்.

சின்ன வயதில் ஏமிக்கு ஒரு குறை. அம்மாவுக்கு நீலக் கண்கள், தனக்கு மட்டும் பழுப்புக் கண்கள். ஒருநாள் ராத்திரி, கண்ணை நீலமாக மாற்றித் தரும்படி கடவுளிடம் கேட்டுவிட்டுத் தூங்கினார். காலையில் எழுந்து ஓடிப்போய்க் கண்ணாடியில் பார்த்தால், அதே பழுப்புதான். கிடைக்காது என்பதும் ஒரு பதில்தான் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டதாகப் பின்னாளில் அவர் சொல்வதுண்டு. தமிழ்நாட்டில் சேலை கட்டிக்கொண்டு கிராமங்களுக்குள் போனபோது, அந்தப் பழுப்புக் கண்கள்தான் அவரை வெள்ளைக்காரி என்று சட்டென்று காட்டிக்கொடுக்காமல் இருந்தன என்று டோனாவூரில் இந்தக் கதையை இன்னும் சொல்வார்கள்.

இது வெறும் குழந்தைப் பருவக் கதை இல்லை. ஜெபம் என்றால் கேட்டதை வாங்கித் தரும் இயந்திரம் இல்லை என்ற எண்ணம் அவருக்கு ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. பின்னால் வந்த இழப்புகளில் அவர் உடைந்துபோகாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெல்ஃபாஸ்ட் தகரக் கூடம்

குடும்பம் பெல்ஃபாஸ்ட் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. 1885-ல் அப்பா இறந்துபோனார். அந்தக் காலகட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலயம் முடிந்து திரும்பும் வழியில், பெரிய மூட்டையைச் சுமந்து தடுமாறிய ஒரு கிழவியைப் பார்த்து ஏமியும் அவருடைய தம்பிகளும் உதவிக்குப் போனார்கள். நல்ல உடை உடுத்திய சபையார் எல்லாம் பார்த்துக்கொண்டு போக, அந்தப் பிள்ளைகளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்கு வந்த ஏமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றார். இனி மனிதர்கள் என்ன நினைப்பார்கள் என்று பார்த்து வாழப்போவதில்லை என்ற முடிவோடுதான் வெளியே வந்தார்.

அடுத்து அவர் தேடிப் போனது மில்லில் வேலை செய்த ஏழைப் பெண்களை. தொப்பி வாங்கக் காசில்லாமல் தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு வருவதால், சபையில் பலர் அவர்களை முகம் சுளித்துப் பார்த்தார்கள். கூட்டம் பெருகியதும், 500 பேர் உட்காரும் ஒரு தகரக் கூடம் தேவைப்பட்டது. ஏமி வசூலுக்குப் போகவில்லை. ஜெபித்தார். பணம் ஒரு பெண்மணியிடமிருந்து வந்தது, இடத்தை ஒரு மில் முதலாளி கொடுத்தார். 1889-ல் கூடம் திறந்தது.

இந்த முறையை அவராகக் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜார்ஜ் முல்லர் என்பவர் நன்கொடை கேட்காமலே அனாதை இல்லங்கள் நடத்தி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வளர்த்தார். சீனாவுக்கு மிஷனரிகளை அனுப்பிய ஹட்சன் டெய்லரும் அதே வழியில் போனவர். அந்தக் காலத்து இளம் கிறிஸ்தவர்கள் பலருக்கு இவர்கள்தான் முன்மாதிரி.

பண்ணைவிளையில் ஒரு காலை

ஏமிக்கு முதலில் சீனா போக ஆசை. உடம்பு தாங்காது என்று நிராகரித்துவிட்டார்கள். 1893-ல் ஜப்பான் போனார், நோய் வந்து திரும்ப வேண்டியதாயிற்று. கடைசியில் 1895 நவம்பரில் பெங்களூரு வந்து இறங்கினார். அடுத்த வருஷக் கடைசியில், தமிழ் நன்றாகப் படிப்பதற்காகத் திருநெல்வேலிப் பகுதிக்கு வந்தார். அங்கே அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் தாமஸ் வாக்கர். ஊர்க்காரர்களுக்கு அவர் வாக்கர் ஐயர்.

பொன்னம்மாள் உள்ளிட்ட சில தமிழ்ப் பெண்களோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய் சுவிசேஷம் சொல்வதுதான் ஏமியின் முதல் வேலை. குழந்தைகள் இல்லம் நடத்தும் திட்டமெல்லாம் அவரிடம் அப்போது இல்லை.

அதை மாற்றியது 1901 மார்ச் 7. தாமிரபரணி ஓரத்துப் பண்ணைவிளையில், காலை நேரத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை ஏமியிடம் அழைத்து வந்தார்கள். பெயர் பிரீனா. கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதற்காகப் பக்கத்திலுள்ள பெருங்குளத்தில் ஒரு பெண்ணின் பொறுப்பில் விடப்பட்டிருந்த குழந்தை. அதற்கு முன்பே ஒருமுறை தப்பித்து, தூத்துக்குடியில் இருந்த அம்மாவிடமே போய்ச் சேர்ந்திருந்தாள். ஆனால் அம்மா பயந்துபோய்த் திருப்பி அனுப்பிவிட்டார். தண்டனையாக அவள் கைகளில் சூடு வைக்கப்பட்டது. இரண்டாவது தடவை தப்பி வந்தபோதுதான் ஏமியிடம் வந்து சேர்ந்தாள். வெளியூரில் இருந்த ஏமி பண்ணைவிளைக்குத் திரும்பியதே முந்தைய நாள்தான்.

பிரீனா சொன்ன விவரங்களைக் கேட்ட பிறகு ஏமியால் சும்மா இருக்க முடியவில்லை. இப்படி எத்தனை குழந்தைகள் என்று விசாரிக்க ஆரம்பித்தார். அதே ஆண்டில் வாக்கர் குடும்பத்தோடு அவரும் டோனாவூருக்கு இடம் மாறினார். சிறுமிகள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். 1904-ல் பச்சைக் குழந்தைகளும் வந்தன.

ஊழியமா, ஆயா வேலையா?

இங்கேதான் ஒரு நிஜமான சிக்கல் வந்தது. ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்வதற்காகத்தான் ஏமி கடல் கடந்து வந்தார். இப்போது பார்த்தால் நாள் முழுக்கக் குழந்தைகளைக் குளிப்பாட்டுவதும், நகம் வெட்டுவதும், ராத்திரி கண் விழிப்பதுமாகப் போகிறது. இதற்காகவா மிஷனரியாக வந்தோம் என்ற கேள்வி அவருக்கும் இருந்தது, அவரைச் சுற்றி இருந்தவர்களுக்கும் இருந்தது. படித்த கிறிஸ்தவப் பெண்கள் சிலரே இந்த வேலைக்கு வரத் தயங்கினார்கள்.

ஜெபத்தில் அவருக்குத் திரும்பத் திரும்ப முன்னால் வந்து நின்றது ஒரு காட்சி. யோவான் சுவிசேஷத்தில், கடைசி இராப்போஜனத்தின்போது இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவுவார். குருவே துண்டை எடுத்த பிறகு, இது பெரிய வேலை, இது சின்ன வேலை என்று பிரிக்க யாருக்கும் உரிமை இல்லை என்று ஏமி முடிவுக்கு வந்தார். அதற்குப் பிறகு டோனாவூரில் பாத்திரம் கழுவுவதும் ஆலயத்தில் பாடுவதும் ஒரே மாதிரியான ஊழியமாகத்தான் கருதப்பட்டன.

ஏமியைப் பொறுத்தவரை வேலையிலிருந்து ஒதுங்கி நிற்பதற்கான இடம் இல்லை ஜெபம். எந்த வேலையைச் செய்ய வேண்டும், அதில் எவ்வளவு நாள் நிலைத்து நிற்க வேண்டும் என்று அவர் தீர்மானித்த இடம் அதுதான். பசித்த குழந்தைக்குப் பால் ஊற்றியது அவருடைய கையும் பொன்னம்மாளின் கையும்தான். அந்தக் கைகள் ஓயாமல் இருந்ததற்குக் காரணம் ஜெபம் என்று அவர் நம்பினார்.

பணம் எப்படி வந்தது?

டோனாவூரில் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுப்பதே கிடையாது. நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதக் கூடாது. கடன் வாங்கக் கூடாது. கையில் இருப்பதற்குள் செலவு செய்வது, போதாவிட்டால் ஜெபிப்பது. வந்த ஒவ்வொரு தொகைக்கும் கணக்கு எழுதி வைத்தார்கள்.

ஒரு மறுகேள்வி வரலாம். ஏமி நிறைய புத்தகங்கள் எழுதினார், அவை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவலாக வாசிக்கப்பட்டன. டோனாவூர் என்ற பெயரே அதனால்தான் பலருக்குத் தெரிந்தது. அதுவும் ஒருவகை விளம்பரம்தானே? பாதி உண்மை. ஆனால் இவ்வளவு தேவை, அனுப்புங்கள் என்று அந்தப் புத்தகங்கள் கேட்கவில்லை. படித்தவர்களிடம் அவர் கேட்டது ஜெபத்தை.

1920-களில் இங்கிலாந்திலிருந்து டாக்டர்கள் வந்து சேர்ந்தார்கள். மருத்துவமனை அவசரத் தேவையாக இருந்தது. அந்த நேரத்திலும் முதலில் கட்டப்பட்டது ஜெப வீடு. அதற்குப் பிறகுதான் மருத்துவமனை எழுந்தது. பெயர் பரம சுக சாலை. நடைமுறை தெரிந்தவர்கள் இந்த வரிசையைத் தலைகீழ் என்று சொல்லக்கூடும். டோனாவூருக்கு இதுதான் சரியான வரிசை.

ஜெபித்தும் இறந்த குழந்தைகள்

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ஆரம்ப வருஷங்களில் டோனாவூரில் டாக்டர் கிடையாது. பச்சைக் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் கொடுக்க ஊரில் யாரும் முன்வரவில்லை. அதனால் மிஷன் ஆஸ்பத்திரி இருந்த நெய்யூரில் ஒரு குழந்தைகள் காப்பகம் தொடங்கி, பொன்னம்மாள் அதைப் பார்த்துக்கொண்டார். அங்கே நோய் பரவி, பல குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோயின. 1912-ல் வாக்கர் ஐயர் திடீரென்று காலமானார். 1915-ல் பொன்னம்மாள் புற்றுநோயில் போய்விட்டார். இரண்டு கைகளும் போன மாதிரி ஆனது ஏமிக்கு.

ஜெபம் பலிக்கவில்லை என்று அவர் வேலையை நிறுத்தவில்லை. நெய்யூர் அனுபவத்துக்குப் பிறகு, டோனாவூரிலேயே காப்பகங்கள் கட்டி, சுத்தத்தையும் பராமரிப்பையும் மேம்படுத்தினார்கள். 1913 வாக்கில் அங்கே 130 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 1918-ல் முதல் ஆண் குழந்தை வந்தது. பையன்களுக்கும் தனி இல்லம் உருவானது.

சாதி பார்க்காமல் எல்லாக் குழந்தைகளும் ஒன்றாக வளர்ந்தார்கள். வளர்க்கும் பெண்களை அக்கா, சித்தி என்றும், ஆண்களை அண்ணாச்சி என்றும் கூப்பிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த டாக்டரும் அங்கே அண்ணாச்சிதான். ஏமி மட்டும் எல்லோருக்கும் அம்மா.

எதிர்ப்பும் விமர்சனமும்

ஏமிக்கு எதிர்ப்பு இரண்டு பக்கமிருந்தும் வந்தது. 1903-ல் வெளியான ‘திங்ஸ் அஸ் தே ஆர்’ என்ற அவருடைய புத்தகம், மிஷன் வேலையில் தோல்விகளே அதிகம் என்று வெளிப்படையாகச் சொன்னது. சக மிஷனரிகள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அவரை இந்தியாவிலிருந்து திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டும் என்றுகூட முயற்சி நடந்தது.

இன்னொரு பக்கம், குழந்தைகளைச் சொந்தக்காரர்களிடமிருந்து பிரிக்கிறார் என்ற புகார். வழக்குகளும் வந்தன. 1911-ல் ஒரு சிறுமியை அவளுடைய தாயிடம் ஒப்படைக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு நிறைவேறும் முன்பே அந்தச் சிறுமி டோனாவூரிலிருந்து மறைந்து, கடல் கடந்து சீனா வரை போய்ச் சேர்ந்தாள். ஏமி ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும் என்ற நிலைகூட ஒரு கட்டத்தில் இருந்தது. சட்டத்தை மீறியதைச் சரி என்று சொல்வதா, குழந்தையின் உயிர்தான் முக்கியம் என்பதா? இன்றைக்கும் எளிதாகப் பதில் சொல்ல முடியாத விஷயம் இது.

அவருடைய எழுத்திலும் அந்தக் காலத்து மிஷனரிப் பார்வை தெரியும். இந்து சமயத்தைப் பற்றி அவர் எழுதிய பல பகுதிகள் இன்றைய வாசகருக்கு உறுத்தும். வந்த குழந்தைகள் எல்லோரும் கிறிஸ்தவர்களாக வளர்க்கப்பட்டதையும் விமர்சகர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். ஆனால் பொட்டுக்கட்டும் வழக்கத்தால் குழந்தைகள் பாதிக்கப்பட்டது உண்மை. அதை எதிர்த்து இங்கேயே பெரிய குரல் எழுந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்ட மன்றத்திலும் வெளியிலும் பல ஆண்டுகள் போராடினார். 1947-ல் சென்னை மாகாணம் அந்த வழக்கத்தைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அதைப் பார்க்க ஏமி உயிரோடு இருந்தார்.

1919-ல் ஆங்கிலேய அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தது. வேண்டாம் என்றுதான் முதலில் எழுதினார். மற்றவர்கள் வற்புறுத்தியதால் ஏற்றுக்கொண்டார். விழாவுக்குப் போகவில்லை.

படுக்கையில் 20 வருஷம்

1931 அக்டோபர் 24. அன்று காலை ஏமி செய்த ஜெபம், பிள்ளைகளுக்கு உதவத் தன்னை இன்னும் தகுதியாக்க எது தேவையோ அது நடக்கட்டும் என்பது. சாயங்காலம், வைத்தியசாலைக்காக வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டைப் பார்க்கக் களக்காட்டுக்குப் போனார். வெளிச்சம் மங்கிய நேரம். இடம் மாற்றித் தோண்டியிருந்த ஒரு குழிக்குள் விழுந்துவிட்டார். கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பெயர்ந்தது, முதுகும் பாதிக்கப்பட்டது.

சில வாரத்தில் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆகவில்லை. ஏறக்குறைய 20 வருஷம் தன் அறையை விட்டுப் பெரிதாக வெளியே வர முடியாமல் வலியோடு இருந்தார். ஓடி ஓடி வேலை செய்த ஒருவருக்கு இது எப்படி இருந்திருக்கும்?

சேவை என்பது கை, கால் ஓடும் வரைதான் என்றால், ஏமியின் கதை 1931-லேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அந்த அறையிலிருந்து ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி ஜெபித்தார். பிறந்த நாள் என்றால் குறிப்பு எழுதி அனுப்புவார். பிரச்சினை என்றால் பிள்ளைகள் கட்டில் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். 1933-ல் வெளியான ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ புத்தகத்தை அவர் எழுதியது நோயாளிகளுக்காக. ஆரோக்கியமானவர்கள் எழுதும் ஆறுதல், வலியில் கிடப்பவர்களுக்கு உதவுவதில்லை என்பதைத் தன் அனுபவத்தில் பார்த்திருந்தார். வாழ்நாளில் அவர் எழுதிய 35-க்கும் மேற்பட்ட புத்தகங்களில் ஒரு பங்கு இந்தப் படுக்கையிலிருந்து வந்தவை.

குணமாக வேண்டும் என்று டோனாவூரே ஜெபித்தது. அது நடக்கவில்லை. பழுப்புக் கண்கள் பழுப்பாகவே இருந்தது போலத்தான் இதையும் அவர் எடுத்துக்கொண்டார்.

1951 ஜனவரி 18-ல், 83 வயதில், தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. கல்லறையில் கல் வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். பிள்ளைகளுக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் அந்தப் பறவைத் தொட்டி.

டோனாவூரில் மட்டும்தானா?

ஜெபத்தில் வேர் விட்ட சேவைக்குத் தமிழ்நாட்டில் வேறு உதாரணங்களும் உண்டு. காரைக்குடி, தேவகோட்டை பக்கத்து மக்களுக்குச் சருகணி நன்றாகத் தெரிந்த ஊர். பிரான்ஸிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி லூயி லெவே இந்த வறண்ட பூமியின் ஏழைகளோடு வாழ்ந்து 1973-ல் மறைந்தது அங்கேதான். அவருடைய கல்லறைக்கு இன்றும் ஜனங்கள் வருகிறார்கள். திருப்பத்தூரில் 1921-ல் சவரிராயன் ஏசுதாசன், ஃபாரஸ்டர் பேட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். காலையும் மாலையும் ஜெபம், நடுவே வைத்தியம் என்று அவர்கள் நாள் ஓடியது. கொல்கத்தாவில் அன்னை தெரசாவின் சகோதரிகள் தெருவுக்குப் போகும் முன்பு சிற்றாலயத்துக்குப் போவதும் இதே வழக்கம்தான்.

கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று சபை வேறுபட்டாலும் இவர்கள் எல்லோரிடமும் பொதுவாக ஒன்று இருந்தது. உதவி செய்கிறவர் முதலில் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சீக்கிரமே வற்றிப்போவார் என்ற நம்பிக்கை. இரக்கம் ஒரு வாரம் தாங்கும், ஒரு மாதம் தாங்கும். தினமும் அதே குழந்தை, அதே அழுகை, அதே கைச் செலவு என்று 50 வருஷம் போக அதற்கு மேல் ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள்கூட, நீண்ட காலம் சேவை செய்பவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

இப்போது டோனாவூர்

ஏமி இருந்தபோதே, 1927-ல், டோனாவூர் ஐக்கியம் முறைப்படி பதிவு செய்யப்பட்டது. இன்று அதை நடத்துபவர்கள் இந்தியர்கள். அங்கேயே வளர்ந்தவர்களும் அதில் உண்டு. பையன்கள் இல்லம் 1980-களில் மூடப்பட்டது. பெண் குழந்தைகளுக்கான பணியும் மருத்துவமனையும் தொடர்ந்தன.

ஜெபம் மட்டும் போதுமா என்று கேட்டால், போதும் என்று ஏமி சொல்லியிருக்க மாட்டார். ஜெபித்துவிட்டு எழுந்து, அடுத்த குழந்தைக்குப் பால் காய்ச்சப் போனவர் அவர். எழுந்து போக முடியாமல் ஆனபோது, ஜெபித்துக்கொண்டே இருந்தார்.